பெண்ணுக்கு நிலம்: அளந்து பார்க்க ஏழு கேள்விகள்

(வானொலி விவசாய நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விதை வாங்கப் போனால் நாம் என்ன செய்கிறோம்? மூட்டையில் கட்டியிருக்கும் அட்டையைப் பார்க்கிறோம். சான்று பெற்ற நெல் விதை என்றால் முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம், புறத்தூய்மை குறைந்தது 98 சதவீதம் இருக்க வேண்டும். அட்டையில் அப்படிப் போட்டிருந்தாலும் விவரமான விவசாயி அதோடு விடமாட்டார். நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைப்பார். எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் நாற்றங்காலுக்குப் போவார்.

நிலத்தைப் பற்றி அரசாங்கம் சட்டம் போடுகிறது, திட்டம் கொண்டுவருகிறது. 'பெண்களுக்கும் சம உரிமை' என்று அட்டையில் அச்சடித்துத்தான் வருகிறது. அது வீட்டிலே, வயலிலே, தாலுகா ஆபீசிலே எத்தனை முளைக்கிறது என்று நாம் எண்ணிப் பார்க்கிறோமா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளக்கப் படி வேண்டாமா? அந்தப் படியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

'பயிரைப் பற்றிப் பேச வேண்டிய ஆபீசர் பட்டாவைப் பற்றி ஏன் பேசுகிறார்?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் திண்டுக்கல் சமவெளியில் நாற்று நடுவது யார்? களை எடுப்பது, கடலை பிடுங்குவது, சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுப்பது யார்? நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன்னே மல்லிகை பறிக்கப் போவது யார்? பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் மானிய விண்ணப்பம் எங்கள் மேஜைக்கு வரும்போது கூடவே வரும் பட்டாவில் அந்தப் பெண்ணின் பெயர் இருப்பது அபூர்வம். பாடுபடுகிறவர் ஒருவர், காகிதத்தில் இருப்பவர் ஒருவர் என்றால், நாங்கள் சொல்லும் யோசனையும் கொடுக்கும் உதவியும் சரியான கைக்குப் போய்ச் சேராது. ஆகவே இது பயிர் விஷயமும்தான்.

உலக அளவிலும் இதற்குப் படி செய்து வைத்திருக்கிறார்கள். 2015-ல் ஐக்கிய நாடுகள் சபை நிர்ணயித்த வளர்ச்சி இலக்குகளில், நிலத்தில் பெண்ணுக்குச் சம உரிமையைச் சட்டம் உறுதி செய்கிறதா என்பதும் ஓர் அளவுகோல். உணவு வேளாண்மை அமைப்பு அதை ஆறு விஷயங்களை வைத்துப் பார்க்கிறது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவு செய்ய வழி உண்டா, விற்கும்போது துணையின் சம்மதம் கேட்க வேண்டுமா, வாரிசுரிமை சமமா, அதற்கு அரசு பணம் ஒதுக்குகிறதா, ஊர் வழக்கப்படி நிலம் ஆளும் இடங்களில் பெண்ணுக்குப் பாதுகாப்பு உண்டா, நிலத்தை நிர்வகிக்கும் அமைப்புகளில் பெண்களுக்கு இடம் உண்டா என்பவை அந்த ஆறு. இன்னொரு கூட்டமைப்பு ஆறு தலைப்புகளில் 22 கேள்விகள் தயாரித்து, பிரேசில், கானா, நேபாளம் ஆகிய நாடுகளில் மக்களை வைத்தே சோதித்துப் பார்த்தது.

அவற்றையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, நம் ஊருக்குப் பொருந்துகிற மாதிரி ஏழு கேள்விகளாகச் சொல்கிறேன். எந்தச் சட்டம் வந்தாலும், எந்தத் திட்டம் வந்தாலும் இந்த ஏழையும் கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி: எந்தப் பெண்ணுக்கு?

'பெண்களுக்கு' என்று மொத்தமாகச் சொன்னால் போதாது. மகளுக்கா, மனைவிக்கா, தாலி இழந்த தாய்க்கா, மணமாகாத சகோதரிக்கா, ஒரு சென்ட் நிலமும் இல்லாத கூலிக்காரப் பெண்ணுக்கா? ஒருத்திக்குக் கொடுப்பது இன்னொருத்தியைத் தொடாமலே போகலாம். சில சமயம் குறைத்தும் விடலாம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் இந்துக் குடும்பத்தில் பூர்வீகப் பூமி நான்கு ஏக்கர், அதாவது 400 சென்ட் இருக்கிறது. தகப்பனார், தாயார், இரண்டு மகன்கள், ஒரு மகள். பாகப்பிரிவினை ஆகவில்லை, உயிலும் இல்லை. தகப்பனார் காலமாகிறார்.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் முதலில் இருந்தபடி, பூர்வீகச் சொத்தில் பிறப்பால் பங்கு தகப்பனுக்கும் மகன்களுக்கும் மட்டும்தான். ஆகவே 400 சென்டை முதலில் மூன்றாகப் பிரித்து, தகப்பனின் ஒரு பங்கை மட்டும் தாய், இரண்டு மகன்கள், மகள் ஆகிய நால்வருக்கும் பிரிப்பார்கள். ஒவ்வொரு மகனுக்கும் சுமார் 167 சென்ட். மகளுக்குச் சுமார் 33 சென்ட், தாய்க்கும் அதே 33 சென்ட்.

தமிழ்நாடு 1989-ல் இதைத் திருத்தியது. அதற்கு அறுபது ஆண்டு முன்பு, 1929-ல், செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். 1989 மார்ச் 25 முதல் மகளும் மகனைப் போலப் பிறப்பாலேயே பங்காளி ஆனாள். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான மகளுக்கு அந்த உரிமை இல்லை என்று ஒரு வரி இருந்தது. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு. பிறகு மத்திய அரசு 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதற்கும் சட்டத்தைத் திருத்தியபோது அந்த வேற்றுமை போயிற்று. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தையும் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் தீர்த்து வைத்தது. உரிமை பிறப்பால் வருவது, தகப்பன் இருந்தாரா என்பது முக்கியமில்லை என்றது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமாகவோ கோர்ட்டு மூலமாகவோ பாகம் பிரிந்திருந்தால் அதை இப்போது கிளற முடியாது.

இப்போது அதே 400 சென்டுக்குக் கணக்குப் போடுங்கள். தகப்பன், இரண்டு மகன், மகள் என்று நான்கு பங்கு, ஆளுக்கு 100 சென்ட். தகப்பனின் 100 சென்டைத் தாய், இரண்டு மகன், மகள் நால்வருக்கும் பிரித்தால் ஆளுக்கு 25. ஆக ஒவ்வொரு மகனுக்கும் 125, மகளுக்கும் 125. தாய்க்கு? 25 சென்ட்!

பார்த்தீர்களா? மகளின் பங்கு 33-லிருந்து 125 ஆனது. அது நியாயம், மகிழ்ச்சி. ஆனால் நாற்பது வருஷம் அந்தப் பூமியிலே முதுகு ஒடியப் பாடுபட்ட தாயின் பங்கு 33-லிருந்து 25-ஆக இறங்கிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. 'எந்தப் பெண்ணுக்கு?' என்று பிரித்துக் கேட்டால்தான் இது கண்ணில் படும்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. தகப்பனார் தம் பாகத்தை உயில் எழுதி வைக்கலாம். தமக்கு உரிய 100 சென்டையும் மனைவிக்கு என்று உயில் எழுதினால், தாய்க்கு 100, மகளுக்கு 100, மகன்களுக்கு ஆளுக்கு 100. நான்கு பேரும் சமம். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனாலும் பதிவு செய்து வைப்பது நல்லது. கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்கள் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

தகப்பன் தாமே சம்பாதித்து வாங்கிய பூமி என்றால் கணக்கு வேறு. உயில் இல்லாவிட்டால் மனைவி, மகன்கள், மகள் எல்லாருக்கும் சம பங்கு. தகப்பனுடைய தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதில் பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மகன், மகள் என்ற பேதமில்லாமல் சமமாகப் பிரியும். முஸ்லிம் குடும்பங்களில் மகனுக்கு உள்ளதில் பாதி மகளுக்கு, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. நம் மாவட்டத்தில் எல்லாரும் கலந்து வாழ்கிறோம். ஆகவே அவரவர் கணக்கை அவரவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: பெயர் எந்தக் காகிதத்தில் ஏறியிருக்கிறது?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சட்டத்தில் பங்கு உண்டு, பட்டாவில் பெயர் இல்லை என்றால் அது ஏட்டுச் சுரைக்காய்தான். இன்னும் எத்தனையோ வீட்டில் பட்டா தாத்தா பெயரிலேயே கிடக்கிறது. மாற்றும்போது அண்ணன் தம்பிகள் பெயரை மட்டும் எழுதி, 'தங்கச்சி பேரு எதுக்கு, அவதான் கட்டிக் கொடுத்தாச்சே' என்று விட்டுவிடுகிறார்கள்.

தகப்பன் காலமானதும் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வாங்க வேண்டும். வாரிசுச் சான்றிதழில் மகள்கள் பெயரும் தாயார் பெயரும் விடுபடாமல் இருக்கிறதா பாருங்கள். அதை வைத்து இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுக்கலாம். உடனே பாகம் பிரிக்க மனமில்லையா? எல்லார் பெயரையும் போட்டுக் கூட்டுப் பட்டாவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

மூன்றாவது கேள்வி: கொடுத்தது கைநழுவாமல் இருக்கக் காவல் உண்டா?

நெல்லை விளைத்துவிட்டுக் களத்தைத் திறந்து போட்டால் என்ன ஆகும்? பெண்ணின் பங்கு கைநழுவும் வாசல் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் விடுதலைப் பத்திரம். 'ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போம்மா' என்று சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிப் போகிறார்கள். என்ன பத்திரம், எத்தனை சென்ட், அதன் மதிப்பு என்ன என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கேட்டால் அண்ணன் கோபித்துக்கொள்வான், நாளைக்குத் தாய்மாமன் சீருக்கு வரமாட்டான், பிறந்த வீட்டு வாசல் அடைந்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்தை நான் லேசாகப் பேசவில்லை. கஷ்டகாலத்தில் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும் என்றுதான் பல பெண்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள்.

தெரிந்து, மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவர் இஷ்டம். தெரியாமல் போடும் கையெழுத்துக்கு நல்ல சட்டம் தடுப்பு வைக்க வேண்டும். பத்திரத்தை அவர் காதில் விழும்படி படித்துக் காட்ட வேண்டும், யோசிக்க நாள் கொடுக்க வேண்டும்.

அடுத்தது விற்பனை. கணவன் பெயரில் உள்ள நிலத்தை விற்க மனைவியின் சம்மதம் கட்டாயம் என்ற பொது விதி நம் நாட்டில் இல்லை. ஐ.நா. சொன்ன ஆறு விஷயங்களில் நாம் பின்தங்கி நிற்கும் இடம் இது. பூர்வீகப் பூமியில் மட்டும், வாங்குகிறவரே பின்னால் வழக்கு வருமே என்று பயந்து 'மகள்கள் எல்லாரும் கையெழுத்துப் போடட்டும்' என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார். அது 1989, 2005 சட்டங்கள் முளைத்திருப்பதற்கு ஓர் அடையாளம்.

நான்காவது கேள்வி: நிலத்தோடு தண்ணீரும் கடனும் மானியமும் வருகிறதா?

கிணற்றில் முறைத் தண்ணீர் இல்லாத புஞ்சையை ஒரு பெண்ணின் பெயரில் எழுதிவிட்டால் அவர் என்ன செய்வார்? பாகப் பத்திரத்தில் கிணற்றுப் பாத்தியம், மோட்டார், மின் இணைப்பு, வண்டிப் பாதை எல்லாவற்றிலும் பெண்ணுக்குப் பங்கு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அரசு உதவிகளும் பெயரை வைத்துத்தான் வருகின்றன. மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக, நிலப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு வருகிறது. சொட்டு நீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. அதற்கும் சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று கேட்கிறோம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கும் அதே கதைதான். 2025-லிருந்து விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கும் வேலை நடக்கிறது. அதற்கும் அடிப்படை நில ஆவணம்தான். இன்றைக்குப் பட்டாவில் இல்லாத பெண், நாளைக்கு விவசாயிகள் பட்டியலிலேயே இல்லாமல் போவார். கணவன் வெளியூர் வேலைக்குப் போய், மனைவி தனியாக வெள்ளாமை பார்க்கும் வீடுகளில் இந்தச் சங்கடம் இன்னும் அதிகம்.

ஐந்தாவது கேள்வி: செலவும் அலைச்சலும் தாங்குமா? அரசு பணம் ஒதுக்கியிருக்கிறதா?

பணம் ஒதுக்காத திட்டம் தண்ணீர் விடாத நாற்றங்கால். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள வீடு, மனை, விவசாய நிலத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்தார்கள். 8 லட்சத்துக்கு வாங்கினால் 8,000 ரூபாய் மிச்சம். வாங்கப் பணம் உள்ள வீட்டுக்கு இது நல்ல தூண்டுதல். பணமே இல்லாத கூலிக்காரப் பெண்ணுக்கு இது எட்டாது. அவருக்கு வேறு திட்டம் வேண்டும்.

தாட்கோ நிறுவனத்தின் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் அந்த வகை. நிலமில்லாத ஆதிதிராவிட, பழங்குடி விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்கப் பாதி விலை மானியம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய். இதையும் நம் படியால் அளக்கலாம். எந்தப் பெண்ணுக்கு என்று தெளிவாகச் சொல்கிறது, பெயர் அவர் பெயர், பணமும் ஒதுக்கியிருக்கிறது. மீதிப் பணத்துக்குக் கடன் எளிதாகக் கிடைக்கிறதா, கிடைக்கும் நிலத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பதை நம் ஊரில்தான் பார்க்க வேண்டும்.

அலைச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஆபீசுக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு நடை, தாலுகா ஆபீசுக்கு ஒரு நடை என்று நாலு நாள் போனால் யாருக்கும் அலுத்துப் போகும். கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தால் ஒரு விஷயம் நினைவில் வையுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

ஆறாவது கேள்வி: முடிவெடுக்கும் இடத்தில் பெண் இருக்கிறாளா?

2016-ல் சட்டத்தைத் திருத்தி நம் மாநில உள்ளாட்சிகளில் பாதி இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். நல்லது. ஆனால் நிலத்தையும் தண்ணீரையும் பற்றி முடிவெடுக்கும் மற்ற இடங்களைப் பாருங்கள். கண்மாய்ப் பாசன சங்கத்தில் உறுப்பினர் ஆக ஆயக்கட்டில் நிலம் இருக்க வேண்டும். நிலத்தில் பெயர் இல்லாத பெண்ணுக்கு மடை திறக்கும் பேச்சிலும் இடமில்லை. ஒரு கதவு அடைந்தால் அடுத்த கதவும் தானே அடைந்துவிடுகிறது.

ஏழாவது கேள்வி: கணக்கு வைத்திருக்கிறார்களா? எதை எண்ணுகிறார்கள்?

2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் சாகுபடி நிர்வாகம் செய்பவர்களில் பெண்கள் 13.96 சதவீதம். 2010-11-ல் இது 12.79 ஆக இருந்தது. பெண்கள் வசம் உள்ள பரப்பு 11.72 சதவீதம். இதைப் படித்துவிட்டு 'நூற்றுக்குப் பதினாலு பேரிடம் நிலம் இருக்கிறது' என்று சொல்லிவிடக் கூடாது. அந்தக் கணக்கு சாகுபடியை யார் நடத்துகிறார்கள் என்பதை எண்ணுகிறது, சொந்தக்காரர் யார் என்பதை அல்ல. குத்தகைக்கு எடுத்து உழும் பெண்ணும் அதில் வருவார். பட்டா தன் பெயரில் இருந்தும் மகனை விட்டு உழச் சொல்லும் தாய் அதில் வரமாட்டார். ஆகவே ஒரு சட்டம் பலித்ததா என்று அறிய, பட்டாவில் எத்தனை பெண்கள், தனிப் பெயரா கூட்டுப் பெயரா, எத்தனை சென்ட், நஞ்சையா புஞ்சையா என்று எண்ணிய கணக்கு வேண்டும். அது இல்லாமல் 'திட்டம் வெற்றி' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை.

இந்த ஏழு கேள்விக்கும் நல்ல பதில் சொன்ன முயற்சி ஏதாவது உண்டா என்று கேட்பீர்கள். நம் மண்ணில் பிறந்த ஒருவரின் வேலையைச் சொல்கிறேன். இன்றைய திண்டுக்கல் மாவட்டப் பகுதியில் 1926-ல் பிறந்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். வினோபாவின் பூமிதான இயக்கத்தில் உழைத்தவர். 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட கொடுமைக்குப் பிறகு, கணவர் ஜெகந்நாதனோடு கீழத் தஞ்சைக்குப் போய் அந்த ஏழைகளோடு தங்கினார். 1981-ல் லாப்டி என்ற உழுபவர் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலச்சுவான்தாரிடம் பேசி விலை முடிப்பது, வங்கிக் கடன் ஏற்பாடு செய்வது, உழைத்துக் கடனை அடைப்பது என்பது வழி. ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது. பத்திரம் பெண்ணின் பெயரில்.

ஏன் பெண்ணின் பெயரில்? நம் படியால் அளந்து பாருங்கள். எந்தப் பெண்ணுக்கு என்றால், ஒரு சென்டும் இல்லாத கூலிப் பெண்ணுக்கு. பெயர் பத்திரத்திலேயே ஏறிவிட்டது. ஆண் நினைத்தால் அடகு வைக்கவோ குடித்து அழிக்கவோ முடியாது, ஆகவே காவலும் உண்டு. கடனுக்கும் வழி செய்தார்கள். 2008-ல் உலகம் மதிக்கும் 'ரைட் லைவ்லிஹுட்' விருது கணவன் மனைவி இருவருக்கும் கிடைத்தது. 2020-ல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது அறிவித்தார்கள்.

இனி நம் ஊரில் எழும் ஆட்சேபணைகளுக்கு வருவோம். 'இருக்கிறதே ஒண்ணரை ஏக்கர், மகளுக்கும் பிரித்தால் துண்டு துண்டாகாதா?' என்கிறார்கள். 2015-16 கணக்கில் தமிழ்நாட்டில் சராசரி நில அளவு 0.75 ஹெக்டேர், ஏக்கரில் இரண்டுக்கும் குறைவு. கவலை உண்மையானதுதான். ஆனால் மூன்று மகன்கள் இருந்தால் மூன்றாகப் பிரிக்க யாரும் தயங்குவதில்லையே? அப்போது வராத துண்டுக் கவலை மகள் வரும்போது மட்டும் ஏன் வருகிறது? துண்டாகாமல் இருக்க வழி வேறு. பூமியைச் சேர்த்தே வைத்து, எல்லார் பெயரிலும் கூட்டுப் பட்டா போட்டு, உள்ளூரில் இருக்கும் அண்ணன் உழுது, தங்கைக்கு அவள் பங்கு மகசூலையோ பணத்தையோ வருஷா வருஷம் கொடுக்கலாம். அதை எழுதி வைத்துக்கொண்டால் மனத்தாங்கலும் வராது.

'சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு' என்பது இன்னொரு வாதம். போட்ட நகை எத்தனை நாள் பெண்ணின் கழுத்தில் இருக்கிறது? முதல் போர்வெல்லுக்கோ, முதல் ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அடகுக்கடைக்குப் போய்விடுகிறது. சீர் கொடுத்ததற்காகப் பங்கு கழிந்தது என்று சட்டம் சொல்லவில்லை. சீரை வைத்துப் பங்கை மறுப்பதை விட, ஆடம்பரச் செலவைக் குறைத்துப் பங்கைப் பத்திரமாகக் கொடுப்பது இரண்டு வீட்டுக்கும் நல்லது.

கடைசியாக, நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை. நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் வைப்பது போல, உங்கள் தெருவில் பத்து வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மகளிர் குழுவில் படித்த பெண் ஒருவர் நோட்டில் எழுதட்டும். எத்தனை சென்ட் நிலம், பட்டா யார் பெயரில், அந்தப் பெயருக்கு உரியவர் உயிரோடு இருக்கிறாரா, அந்த வீட்டில் பிறந்த பெண்கள் எத்தனை பேர், அவர்களில் பட்டாவில் இருப்பவர் எத்தனை பேர், விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் எத்தனை பேர், தாய்க்கு என்று உயில் எழுதிய வீடு எத்தனை. பத்து வீட்டுக் கணக்கு ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். ஆனால் ஊரே உட்கார்ந்து பேசுவதற்கு அது போதும்.

அந்தக் கணக்கை வருகிற கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை நம் மாநிலத்தில் கிராம சபை நாட்கள். இறந்தவர் பெயரில் கிடக்கும் பட்டாக்களை மாற்ற ஜமாபந்தியில் மனுக் கொடுங்கள். மனுவில் தாயார் பெயரும் மகள்கள் பெயரும் விட்டுப்போகாமல் இருக்கட்டும். கையெழுத்துப் போடச் சொல்லி யாராவது கூப்பிட்டால், தாய்மார்களே, 'படித்துக் காட்டுங்கள், இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன்' என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் அண்ணன் தம்பி உறவு அறுந்துவிடாது. அண்ணன்மாரும் தம்பிமாரும் தாங்களே முன்வந்து படித்துக் காட்டினால் உறவு இன்னும் பலப்படும்.

விதை நல்ல விதைதான். முளைத்ததா என்று எண்ணிப் பார்க்கும் வேலை நம்முடையது.